செத்தும் பாடும் சீதக்காதிகள்

நமக்குப் பொழப்பு பொட்டி தட்டுறது. பகல்ல ஆபீஸ்ல ஆணி, ராத்திரி ஹெட்போன்ல ரஹ்மான். இந்த ரெண்டும் நேருக்கு நேர் மோதிக்கிட்டது 2024 ஜனவரியில, 'லால் சலாம்' பாட்டுங்க வந்தப்போ. 'திமிறி எழுடா'ல பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் பாடுறாங்க. பம்பா பாக்யா 2022லயே காலமாயிட்டார். சாகுல் ஹமீது போனது தொண்ணூறுகளோட கடைசியில! 'திருடா திருடா'வுல 'ராசாத்தி' பாடினாரே, அவரே தான். கேட்டதும் புல்லரிச்சது நிஜம். அடுத்த நிமிஷமே வயித்துல என்னமோ பண்ணினதும் நிஜம்.

ரெண்டு பேர் குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்தோம்னு ரஹ்மான் சொன்னார். அதே மாசம் தான் பவதாரிணி இறந்தாங்க. சில மாசம் கழிச்சு யுவன் 'கோட்' படத்துல தங்கச்சி... இல்ல, அக்கா குரலையே இப்படிக் கொண்டு வந்தார். அதைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலைங்க. இன்னொரு பக்கம், 'கீடா கோலா'ங்கிற தெலுங்குப் படத்துல எஸ்.பி.பி. குரலைக் கேக்காமலே பயன்படுத்திட்டாங்கன்னு அவர் பையன் சரண் நோட்டீஸ் அனுப்பினார்.

இது எப்படி நடக்குதுன்னு பல பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு. வரியை டைப் பண்ணிட்டு எண்டர் தட்டினா பாட்டு வந்துடும்னு. சாதாரணமா, முதல்ல உயிரோட இருக்கற ஒரு பாடகர் மைக் முன்னாடி நின்னு முழுசாப் பாடணும். மூச்சை எங்க விடணும், எந்த எழுத்துல அழுத்தணும், எங்க குழையணும் - எல்லாம் அவர் போடுறது. மென்பொருள் அந்தக் குரலோட நிறத்தை மட்டும் உரிச்சுட்டு, பழைய பதிவுகள்ல இருந்து கத்துக்கிட்ட இன்னொரு நிறத்தைப் பூசுது. அவ்வளவு தான். ஆக, உழைப்பு ஒருத்தரோடது, கேக்குற குரல் வேற ஒருத்தரோடது. நாலு வருஷமா ட்ராக் பாடிட்டு சான்ஸுக்குக் காத்திருக்கற பொண்ணு, செத்துப்போன ஒரு ஜாம்பவானோட போட்டி போடணும்னா எங்கய்யா போவா?

சட்டம் இன்னும் வேடிக்கை. அரிஜித் சிங் வழக்குல 2024ல பம்பாய் உயர்நீதிமன்றம் அவர் குரலைக் காப்பியடிக்கத் தடை போட்டுச்சு. ஆனா அவர் உயிரோட இருக்கார். சுஷாந்த் சிங் பத்தின படத்தை எதிர்த்து அவரோட அப்பா போட்ட வழக்குல, அந்த மாதிரி உரிமையெல்லாம் அவரோடயே முடிஞ்சுதுன்னு 2023ல டெல்லி உயர்நீதிமன்றம் சொல்லிடுச்சு. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு சொல்வோம். அந்த மனுஷன் கொடுக்கணும்னு நினைச்சுக் கொடுத்தார். இங்க கேக்கறதுக்கே ஆள் இல்ல.

ஏன் இவ்ளோ பொலம்பறேன்னா, எங்க வீட்டுலயும் இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கோங்க. 2011ல அப்பாவோட நோக்கியா போன்ல எங்க அப்பத்தா பாடின தாலாட்டைப் பதிவு பண்ணி வெச்சேன். மூணு நிமிஷம். பாதியில திண்ணையில ஏறின கோழியைத் திட்டப் போய், பாட்டு அதோட நிக்குது. அப்பத்தா இப்ப இல்ல. அக்காவுக்குக் குழந்தை பொறந்திருக்கு. "நீ தான் கம்ப்யூட்டர்காரனாச்சே, மிச்சத்தை அப்பத்தா குரல்லயே பண்ணிக் கொடுடா"ங்கறா. பண்ணலாம், ஒரு சனி ஞாயிறு வேலை. ஆனா அடிக்குரல் கொடுக்க யாராவது பாடணுமே, அந்தப் பாட்டு முழுசாத் தெரிஞ்சது அம்மாவுக்கு மட்டும் தான்.

அம்மாவுக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, "பாடப்போறது நான் தானே? அப்புறம் என் தொண்டைக்கு என்னவாம்?"ன்னாங்க.

அக்கா இன்னும் நச்சரிச்சுக்கிட்டு தான் இருக்கா. ஃபைல் லேப்டாப்புல அப்படியே இருக்கு, கோழி சத்தத்தோட.