சுணை பட்ட கண்

தை மாதக் களத்தில் நெல் தூற்றும்போது காற்று திரும்பினால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மூடத் தவறியவருக்கு முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதி ஒத்தடம் கொடுப்பார்கள். அதற்கும் போகாவிட்டால் ஒரு கிழவி நாக்கு நுனியால் தூசியைத் துழாவி எடுப்பாள். தாய்ப்பால் விடுவதும் நந்தியாவட்டைச் சாறு பிழிவதும் உண்டு. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கண் வைத்தியம் அவ்வளவுதான்.

அத்தைக்கு எல்லாமே செய்தார்கள். கதிரடிப்பு முடியவில்லை. களத்தைவிட்டுப் போனால் கூலி போகும் என்று சிவந்த கண்ணோடே நின்றாள். பிறகு யாரோ மருந்துக்கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்து வாங்கிவந்தார்கள். சிவப்பு வடிந்தது, வலியும் தணிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். பூஞ்சைக்கு உரம் போட்ட மாதிரி ஆகிவிட்டதாம். கருவிழியில் பூ விழுந்துவிட்டது.

வயல்வெளியில் எங்கும் இருக்கிற பூஞ்சைதான், ஃபியூசேரியம் என்று பெயர். கருவிழியின் மேல்படலம் முழுசாக இருக்கும்வரை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சுணை, ஒரு கரும்புத் தோகை, பால் கறக்கும்போது வீசுகிற மாட்டு வால், ஏதோ ஒன்று கீறி வழி திறக்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த 113இல் எத்தனை அத்தைகளோ.

நேபாளத்தின் பக்தபூரில் 1990களில் உள்ளூர்த் தொண்டர்களிடம் ஒரு சதவீதக் குளோராம்பெனிகால் களிம்பைக் கொடுத்துவைத்தார்கள். கீறல் பட்டவருக்கு நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. மதுரைக் கிராமங்களிலும் இதைச் செய்து பார்த்தார்கள். அநேகமாக எல்லோருக்கும் கீறல் ஆறியது.

18 மணி நேரம். அத்தைக்குச் சுணை பட்டது காலை பத்து மணிவாக்கில். மறுநாள் விடியற்காலை நாலு மணிவரை நேரம் இருந்திருக்கிறது! அந்த இரவு முழுக்க நாங்கள் சாறு பிழிந்துகொண்டிருந்தோம்.

பிற்பாடு நேபாளத்தில் இன்னும் பெரிதாக நடந்த சோதனையில், தொண்டர்கள் இருந்த ஊர்களிலும் புண்கள் குறையவில்லை. களிம்பு ஊருக்குள் இருந்தால் மட்டும் போதாது, கண் வலிக்கிறவரை அன்றைக்கே தேடிப் போக வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை மகள் அதைத்தான் செய்கிறாள். கரும்பு வெட்டு நடக்கிற நாட்களில் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய்க் கண்களைப் பார்ப்பாள். போன மாசி மாதம் ஒருத்தி, "நாளைக்குக் கூலி போயிரும்க்கா" என்று தயங்கினாளாம்.

"கூலிய நான் தாரேன், வண்டியில ஏறு."