ஆறு மேலே, வயல் கீழே

தஞ்சை டெல்டாவில் பல இடங்களில் ஆறு மேலே ஓடுகிறது, வயல் கீழே கிடக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் கரையோரம் வண்டலைப் போட்டுப் போட்டு ஆறு தன் பாதையைத் தானே உயர்த்திக்கொண்டது. வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே சமதரைதான். லெவல் கருவியை வைத்தால் தெரிந்துவிடும். அந்தக் கருவிக்குப் பின்னால் நிற்பது என் தொழில்.

முக்காலியை ஊன்றி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, உயரம் தெரிந்த பெஞ்ச் மார்க் கல்லின் மேல் ஸ்டாஃப் என்ற அளவுகோலை நிறுத்தி ரீடிங் எடுப்போம். அது பேக் சைட். பிறகு உதவியாளரான கலாசி ஸ்டாஃபோடு முன்னே போவார். அங்கே எடுப்பது ஃபோர் சைட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்றமோ இறக்கமோ. ஸ்டாஃபை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொல்வேன். ஆட்டத்தில் வரும் மிகக் குறைந்த ரீடிங்தான் அது நேராக நின்ற நொடி. கருவியை இரண்டுக்கும் நடுவில் வைப்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பூமியின் வளைவும் காற்றில் பார்வைக்கோடு வளைவதும் சேர்ந்து ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 67 மில்லிமீட்டர் பிசகும்; தூரம் சமமானால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கடலோரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறங்கினாலே பெரிது. அங்கே 67 மில்லிமீட்டர் என்பது தண்ணீர் வருமா வராதா என்ற கேள்வி. “சார், எங்க மடைக்குத் தண்ணி ஏறுமா?” என்று வரப்பில் நின்று கேட்பவருக்கு வேண்டியது அந்த ஒரே பதில்தான்.

இந்த உயர வித்தியாசங்களின் வலிமையை முக்கொம்பில் பார்க்கலாம். அங்கே காவிரி, கொள்ளிடம் என்று ஆறு பிரியும் இரண்டு கிளைகளில் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குத் தூரமும் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணல்மேடிட்டு உயர, தண்ணீர் கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். பிறகு நடந்தது தலைகீழ்: காவிரி தன் படுகையை அரிக்க ஆரம்பித்தது, அதன் தலைப்பையும் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. ஸ்ரீரங்கத் தீவு முடியும் இடத்தில் இரு ஆறுகளும் மறுபடி நெருங்குகின்றன. அங்கே மேட்டில் வரும் காவிரி பள்ளத்தில் ஓடும் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்பது கல்லணை. உயரக் கணக்கு எழுதும் எனக்கு அதைவிடப் பெரிய கட்டுமானம் வேறில்லை.

என் ஃபீல்டு புக்கில் உள்ள ஒவ்வொரு ஆர்.எல்.லும், அதாவது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமும், கைமாறிக் கைமாறிக் கடலிலிருந்து வந்தது. 1909இல் நாட்டின் லெவல் வலையைச் சரிக்கட்டியபோது ஒன்பது ஓத அளவு நிலையங்களின் சராசரிக் கடல் மட்டத்தை சர்வே ஆஃப் இந்தியா சுழியமாக வைத்தது. அவற்றில் நாகப்பட்டினமும் ஒன்று. இப்போது இளைஞர்கள் ஜி.பி.எஸ்.ஸோடு வருகிறார்கள். வேகமான கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அளப்பது கணித நீள்கோளத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்த பெரும் பள்ளம் இருப்பதால், நம் பக்கத்தில் கடல் மட்டமே அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது. திருத்தம் போடாமல் படித்தால் நாகை கடைத்தெருவே கடலுக்கடியில் இருப்பதாகக் காட்டும். தண்ணீர் ஈர்ப்புக்குத்தான் கட்டுப்படும், நீள்கோளத்துக்கு அல்ல.

கடைமடையில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. நாகை கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் ஓதம் ஏறும்போது வடிகாலின் அடிமட்டத்தைவிடக் கடல் உயர்ந்துவிடுகிறது. வடிகாலின் வாயில் உள்ள ரெகுலேட்டரின் ஷட்டரை இறக்கி உப்புத் தண்ணீரைத் தடுக்கலாம், ஆனால் அந்த நேரம் முழுக்க மழைத் தண்ணீரும் உள்ளேயே தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா பயிர் மூழ்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மேல், 1909இல் கல்லில் வெட்டிய சுழியம் அப்படியே இருக்க, கடல் அதைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வடிகால் தூர்வாரும்போது ஆழத்தை மட்டும் எழுதி பில் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கரை உயர்ந்திருந்தால் ஆழம் தானாகக் கூடித் தெரியும். அடிமட்டத்தின் ஆர்.எல். வேண்டும். ஆனால் அதற்கு ஆதாரமான பெஞ்ச் மார்க் கல்லைச் சாலையை அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். எனவே வேலை முடிந்த ஊரிலெல்லாம் மதகின் பக்கச் சுவரிலும் கோயில் படியிலும் லெவலை ஏற்றி, பெயின்டில் எண்ணை எழுதி, ஊர்க்காரர்களிடம் இடத்தைக் காட்டிவிட்டு வருகிறேன்.