சுத்தமான கொப்பி

தரம் 10 இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு எனக்குக் கிடைத்தவை 31 புள்ளிகள். விடைத்தாளை நான்காக மடித்து இஸ்லாம் பாடக் கொப்பியின் உறைக்குள் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "பேப்பர் குடுத்தாங்களா மகள்?" என்று உம்மா கேட்டார். "இன்னும் இல்ல உம்மா" என்றேன். பொய் சொன்னது ஒரு பாரம். அதை எந்தக் கொப்பிக்குள் ஒளித்துவைத்துச் சொன்னேன் என்பது இன்னொரு பாரம்.

எங்கள் வீட்டில் கணிதம் சாதாரணப் பேச்சல்ல. ராத்தா க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழுக்கும் இஸ்லாத்துக்கும் ஏ சித்தி பெற்றவர். கணிதத்துக்கு டபிள்யூ. இரண்டாம் முறையும் எழுதினார், மீண்டும் டபிள்யூ. கூடப் படித்தவர்கள் உயர்தர வகுப்புக்குப் போனார்கள். ராத்தா உம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நான் கணிதப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றுதான் மீண்டும் ஓடும்.

விடைத்தாளைக் கண்டெடுத்ததும் ராத்தாதான். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அலுமாரியின் மேல் தட்டிலிருந்து தன்னுடைய பழைய கணிதக் கொப்பிகளை இறக்கினார். "உன்ட கொப்பியையும் கொண்டு வா" என்றார்.

இரண்டையும் பாயில் விரித்து வைத்தோம். சிவப்புக் கோட்டு ஓரம், நீல மையில் தலைப்பு, விடையின் கீழ் அடிமட்டம் வைத்து இழுத்த இரட்டைக் கோடு. ராத்தா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு கொப்பியிலயும் ஒரு பிழைகூட இல்லயே. அப்ப பிழையெல்லாம் எங்க போச்சு?"

பிழையெல்லாம் பரீட்சை மண்டபத்துக்குப் போயிருந்தது. கொப்பியில் இருந்தவை நாங்கள் செய்த கணக்குகளே அல்ல. கரும்பலகையிலிருந்தும் டியூஷன் வகுப்பிலிருந்தும் பார்த்தெழுதியவை. பார்த்தெழுதும்போது எல்லாம் விளங்குகிற மாதிரியே இருக்கும். அடுத்தவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

என் கதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்பது வயதில் ஜுஸ்உ அம்மாவை மனனம் செய்தவள் நான். மனனம் எனக்கு நன்றாக வரும், அல்ஹம்துலில்லாஹ். அதே பழக்கத்தைக் கணிதத்துக்கும் கொண்டுபோய்விட்டேன். குர்ஆனில் ஒரு ஹறகத்துகூட மாறக்கூடாது. கணக்கோ ஒவ்வொரு முறையும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வரும். அந்தப் பரீட்சையில் ஒரு தேற்றத்தின் நிறுவல் வந்தது. நான் பாடமாக்கியிருந்த முக்கோணி ஏபிசி. வினாத்தாளில் இருந்தது பீகியூஆர், அதுவும் தலைகீழாக. வினாவில் இல்லாத ஏபிசியை வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் கணித ஆசிரியை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அன்றிரவு உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்து படிங்களன்" என்றார். அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல்லைக் கேட்டு ராத்தா நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

சுபஹ் தொழுகைக்குப் பிறகு முக்கால் மணி நேரம் என்று முடிவு செய்தோம். இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து படித்தேன் என்று வகுப்பில் சொல்லிக்கொள்வதில் எனக்கொரு பெருமை இருந்தது. அந்த நேரத்தில் நான் செய்ததெல்லாம் கொட்டாவி விட்டபடி தலைப்புகளுக்கு நிறம் தீட்டியதுதான். காலையில் நிறம் தீட்ட நேரமில்லை.

வேலை இதுதான். செய்து காட்டிய ஓர் உதாரணத்தை வாசிப்போம். புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத் தாளில் செய்வோம். முதல் வாரம் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. எந்த வரியில் நிற்கிறோமோ அந்த வரிதான் நமக்குத் தெரியாதது என்று அப்போதுதான் புரிந்தது. அதுவரை "எனக்குக் கணிதம் தெரியாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்து அதே கணக்கை மறுபடியும் பார்க்காமல் செய்வோம். மறந்துபோயிருக்கும். ஆனாலும் முன்பைவிடச் சீக்கிரமாக நினைவு திரும்பும்.

40 பக்கக் கொப்பி ஒன்றுக்குப் 'பிழைக் கொப்பி' என்று ராத்தா பெயர் வைத்தார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் கணிதம் தெரியாததால் வந்த பிழைகள் அல்ல. அடைப்பை நீக்கும்போது மறைக் குறியை மாற்றாமல் விட்டது, சென்றிமீற்றரையும் மீற்றரையும் கலந்தது, ஆரையைக் கேட்க விட்டத்தை எழுதியது. கழித்தலை வர்க்கிக்கும் பிழை மட்டும் ஒன்பது தடவை வந்திருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கித்துக் கழித்துவிடுவேன். ஆசிரியையிடம் கொப்பியைக் காட்டியபோது, "எண்ணைப் போட்டுப் பாருங்க" என்றார். 7 இலிருந்து 3 ஐக் கழித்து வர்க்கித்தால் 16. என் முறைப்படி 49 இலிருந்து 9 போக 40. பத்தாவது தடவை அந்தப் பிழை வரவில்லை.

இருபடிச் சமன்பாட்டில் நிறைவர்க்கமாக்கும் முறைதான் எங்களைக் கூடுதலாக அலைக்கழித்தது. ஏன் பாதியாக்கி வர்க்கித்துக் கூட்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. கலீபா மஃமூனின் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இதைப் படமாகக் காட்டியிருக்கிறார் என்று ஆசிரியை சொன்னார். அவருடைய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்துதான் அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் அல்ஜிப்ரா என்ற பெயர் வந்தது. நூலின் பிற்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது.

அவருடைய கணக்கு இது: ஒரு சதுரத்தின் பரப்பளவோடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. பக்கம் எவ்வளவு? உம்மாவின் துணி வெட்டுத் துண்டுகளில் ராத்தா அதைச் செய்தார். நடுவில் ஒரு சதுரத் துண்டு. பத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள இரண்டு பட்டிகளைச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் வைத்தார். மூன்று துண்டுகளும் சேர்ந்தால் 39. மூலையில் மட்டும் ஓர் ஓட்டை. அதை அடைக்க ஐந்துக்கு ஐந்து துண்டொன்று தேவை, அது 25. இப்போது முழுப் பெரிய சதுரம் 64, அதன் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் 3.

"ஓட்டையை அடைக்கிறதா இது!" என்றார் ராத்தா. இரண்டு தடவை பரீட்சை எழுதியவர். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதது போல் துணித் துண்டுகளைப் பொறுக்கினேன். (−13 என்றொரு விடையும் உண்டு. துணிக்கு மறை நீளம் இல்லை என்பதால் அது படத்தில் வராது. பரீட்சையில் அதை விட்டுவிட்டால் புள்ளி போய்விடும்.)

மூன்றாம் தவணையில் எனக்கு 58 புள்ளிகள். பெரிய புள்ளி அல்ல. ஆனால் விடைத்தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ராத்தா தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மூன்றாம் முறை விண்ணப்பித்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே பரீட்சைக்குத் தோற்றுகிறோம். இப்போது நேரம் பிடித்துப் பழைய வினாத்தாள்கள் செய்கிறோம். முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம். ராத்தாவுக்கு இன்னும் பத்து நிமிடம் போதாமல் இருக்கிறது. ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவருக்கு மனம் வராது.

நேற்றும் அப்படித்தான். நிகழ்தகவு மரவரிப்படத்தில் விடை ஒன்றைவிடக் கூடுதலாக வந்துவிட்டது. எனக்குப் பிழை தெரிந்தது. வாயைத் திறந்தேன். "நில்லு, சொல்லாத" என்று கையை உயர்த்தினார் ராத்தா. உம்மா தேநீரோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தேநீர் ஆறும் வரை நாங்கள் இருவரும் பேசாமல் காத்திருந்தோம்.