எந்தக் கையில் பசை?

என் முதல் நாவலின் கதாநாயகி சென்னை அண்ணா சாலையில், ஒன்பதாவது மாடி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தாள். அதை எழுதியபோது எனக்குப் பதினாறு வயது. கோவில்பட்டியை விட்டால் நான் பார்த்திருந்த பெரிய ஊர் திருநெல்வேலி. லிஃப்டில் கால் வைத்ததே இல்லை. பேருந்து நிலையக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த பழைய மாத நாவல்களைப் படித்த தைரியத்தில் இரண்டே மாதத்தில் மூன்று நோட்டுகளை நிரப்பினேன். ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அலறலில் முடியும்.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ். ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டுவாள். ஒரு குரோஸுக்கு 144 பெட்டி, கூலியும் அந்தக் கணக்கில்தான். பக்கத்தில் உட்கார்ந்து நாவலை வாசித்துக் காட்டினேன். கதாநாயகிக்கு ஒரு தங்கை. அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். அவள் கண்ணீர் வடித்தபடி பெட்டி ஒட்டினாள் என்று வாசித்ததும் அம்மாவின் கை நின்றது.

“ஏய்யா, இவ எந்தக் கையில பசை தொடுதா?”

முழித்தேன். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நடக்கிற வேலை அது.

“பசையில மயில்துத்தம் கலந்திருக்கும். நகக்கண்ணு வெடிச்சுக் கெடக்கும். ராத்திரி ரசஞ்சோறு பிசையும்போது சுள்ளுனு எரியும் பாரு, அழுறதுன்னா அப்பந்தான் அழுவா. ஒட்டும்போது அழ நேரம் ஏது?”

கண்ணீர் என்று எழுத எனக்குத் தெரிந்திருந்தது. அழுவதற்கு அவளுக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று தெரியவில்லை. நாவல் கலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். அடுத்த ஒரு வாரம் அம்மாவின் கைகளை மட்டும் பார்த்துப் பதினோரு பக்கம் எழுதினேன். பின்னாளில் அவற்றில் இரண்டு வரிதான் நாவலுக்குள் போயின. மற்றதெல்லாம் வீண் என்று நினைக்கவில்லை. அவை இல்லாமல் அந்த இரண்டு வரி வந்திருக்காது.

அதே வருஷம் நூலகத்தில் பூமணியின் ‘வெக்கை’ கைக்குக் கிடைத்தது. 1982இல் வந்த நாவல். எங்கள் கரிசல்காட்டுக்காரர் எழுதியது. அதில் வரும் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து, என்னைவிட ஒன்று குறைவு. கொலை செய்துவிட்டு அப்பனோடு காடுகாடாய் அலைகிறான். முதல் தடவை கதைக்காகப் படித்தேன். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்து, அப்பனும் மகனும் எங்கே தண்ணீர் குடித்தார்கள், எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று பட்டியல் போட்டேன். அலறல் இல்லாமலே பயம் எப்படி வந்தது என்பது அந்தப் பட்டியலில் இருந்தது.

அடுத்து என்னைப் படுத்தியது காலம். சிறுகதையை ஒரே மூச்சில் மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம். நாவலில் மாசங்கள் ஓடுகின்றன, விலைவாசி ஏறுகிறது, சின்னப் பிள்ளைக்குப் பல் விழுகிறது. இரண்டாவது நாவலில் என் கதாநாயகி ஐப்பசி மாதம் கூலியை மிச்சம் பிடித்து அடகுக் கம்மலை மீட்டாள். அடைமழையில் தீக்குச்சி காயாது. குச்சி காயாவிட்டால் வேலை ஏது, கூலி ஏது? அன்றிலிருந்து கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தேன். கதையில் ஒரு நாளுக்கு ஒரு தாள். அன்று மழையா, கூலி வந்ததா, வீட்டில் என்ன குழம்பு என்று பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். இன்றைக்கும் அதே வழக்கம்தான்.

அந்த இரண்டாவது நாவலைப் பத்தொன்பது வயதில் முடித்தேன். ஒரு பதிப்பகம் திருப்பி அனுப்பியது. படித்துப் பார்த்தால் அவர்கள் செய்ததுதான் சரி. அதையே மூன்று முறை திருப்பி எழுதி, அச்சில் பார்த்தபோது இருபத்தேழு ஆகிவிட்டது. இடையில் வயதை நினைத்து நிறையப் புழுங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் எஸ்.ஈ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளியானபோது அவருக்குப் பதினெட்டு. எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலை 1976இல் தந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். இரண்டு புத்தகங்களையும் இன்றும் படிக்கிறார்கள். எத்தனை வயதில் எழுதியது என்று பார்த்து யாரும் புத்தகத்தைக் கையில் எடுப்பதில்லை.

நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். எவ்வளவு மோசமாக வந்தாலும் முதல் நாவலைக் கடைசிப் பக்கம்வரை எழுதி முடியுங்கள். பாதியில் விட்டதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முடித்த பிறகு, உங்கள் கதையில் வருகிற வேலையை நிஜமாகவே செய்கிற ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் கையை நிறுத்துகிறாரோ, அந்த இடத்திலிருந்து திரும்ப எழுதுங்கள்.