டாஃபடிலைத் தனியே வை

ஹாரோ,
ஏப்ரல் 6

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். தோட்டத்தில் பூத்ததையெல்லாம் ஒரே ஜாடியில் திணித்திருக்கிறாய். பாவம், மூச்சு விடக்கூட இடமில்லை. டியூலிப் ஏன் சீக்கிரம் வாடுகிறது என்று கேட்டாயே, பக்கத்தில் நிற்கிற டாஃபடில்தான் காரணம். அதை வெட்டின இடத்தில் கற்றாழைச் சோறு மாதிரி வழுவழுவென்று சாறு கசியும், பார்த்திருப்பாய். அது தண்ணீரில் கலந்தால் மற்றப் பூக்களுக்கு ஆகாது. சேர்த்துத்தான் வைப்பேன் என்றால், டாஃபடிலை முதல் நாள் இரவே தனித் தண்ணீரில் நிறுத்திவிடு. காலையில் தண்டை மறுபடி வெட்டாதே, திரும்பவும் சாறு வரும். அந்தத் தண்ணீர் விஷம். சின்னவன் கைக்கு எட்டாமல் கொட்டு.

என்னைக் கேட்டால் டாஃபடில் தனியாக இருந்தால்தான் அழகு. விரியும்வரை காத்திருக்காதே. கழுத்து வளைந்து, மொட்டு நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்போதே பறித்துவிடு. மல்லியை மொட்டாகப் பறித்துப் பழகின உனக்கு இதைச் சொல்ல வேண்டுமா? இலையில் மட்டும் கை வைக்காதே. அடுத்த வருஷப் பூவுக்குக் கிழங்கு அந்த இலையைத்தான் நம்பியிருக்கிறது.

டியூலிப்போடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வெட்டின பிறகும் வளரும், ஜன்னல் பக்கமே திரும்பும். நேற்று நிமிர்ந்து நின்றது இன்று ஜாடி விளிம்பில் சாய்ந்து கிடக்கும். எனக்கு அந்தச் சாய்வுதான் பிடிக்கும்.

ஹெலபோர் எப்போதும் தலைகுனிந்தே இருப்பதால் ஜாடியில் முகமே தெரியாது, சட்டென்று துவண்டும் போகும். காம்பை ஒட்ட நறுக்கி, அம்மா கொடுத்த உருளியில் மிதக்கவிட்டேன். வெளிர் இதழ்களுக்குள் பொடிப் பொடியாக ஊதாப் புள்ளிகள்! இத்தனை நாள் மண்ணைப் பார்த்தே பூத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஜாடிக்குக் காசைக் கரியாக்காதே. கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்று ஒரு அம்மாள், 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கே பூ அலங்காரம் செய்தவர். குழம்பு ஊற்றுகிற கிண்ணத்தில்கூடப் பூ வைப்பாராம். ரோஜாவோடு கேல் கீரை இலையைச் சேர்ப்பாராம். நமக்கு ஊறுகாய் பாட்டில் போதாதா? வாய் குறுகலாக இருந்தால் நாலு தண்டே நிறைவாக நிற்கும்.

மே விடுமுறைக்கு எல்லோருமாக வாருங்கள். லைலாக் பூத்திருக்கும். அதன் காம்பு மரமாக இருக்கும்; அடியை நெடுக்காகப் பிளந்து, இலையை உருவிவிட்டால்தான் பூவுக்குத் தண்ணீர் ஏறும். காரில் ஒரு வாளி போட்டுக்கொண்டு வா, லீட்ஸ் வரை வாடாமல் கொண்டுபோகலாம்.

அன்புடன்,
அக்கா