பீரோவில் இருந்த கல்யாண சி.டி.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. "அக்கா கல்யாணத்துல சிரிச்சுக்கிட்டு நிப்பாரே, அதை எடுடா" என்றார் அம்மா. ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை. 2007-ல் ஸ்டூடியோவில் கொடுத்த சி.டி-யில் மட்டும்தான் இருந்தது. பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தோம்.

என் லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. நண்பனிடம் இரவல் வாங்கி மாட்டினேன். கர் கர் என்று சுற்றிவிட்டு நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய அக்கா பெயர். கையெழுத்து என்னுடையது, மூணாம் வகுப்புக் கையெழுத்து!

சி.டி-யில் கீறல் விழக்கூடாத பக்கம் பளபளக்கும் அடிப்பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் பதிவு இருப்பது நாம் பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டி. அதன்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான். டி.வி.டி-யில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பதிவு இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. ஆனால், இரண்டிலும் எழுதப்படுவது சாயத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் சாயம் வெளுக்கும்.

வேறொரு டிரைவில் போட்டு, பாதிப் படங்களை மீட்டோம். தாத்தா வந்தார். நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. "முகம் இருக்குல்ல, போதும்" என்றார் அம்மா. எனக்குப் போதவில்லை.

வீட்டுப் படங்கள் மொத்தம் 60 ஜி.பி. 4.7 ஜி.பி. டி.வி.டி என்றால் 13 வேண்டும். 25 ஜி.பி. ப்ளூ-ரே மூன்றே போதும். அதிலும் 'எல்.டி.எச்' என்று போட்டிருந்தால் சாய வகை, அதைத் தவிர்த்தேன். அழித்து எழுதும் வகையும் வேண்டாம். சாயமில்லாத எம்-டிஸ்க் வாங்கினேன். ஆயிரம் வருஷம் தாங்கும் என்பது தயாரித்தவர்கள் சொல்வது. எனக்கு அக்கா பேரன் காலம்வரை தாங்கினால் சரி. விலைதான் கொஞ்சம் கடித்தது.

இரண்டு செட் எழுதி, ஒவ்வொரு படமும் திறக்கிறதா என்று பார்த்தேன். பெயரை டிஸ்க்கில் எழுதவில்லை, உறையில் எழுதினேன். ஒரு செட் கோவையில் அக்கா வீட்டுக்குப் போகிறது.

எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நாளைக்கு டிரைவும் கிடைக்காமல் போகலாம். அதனால் டிரைவையும் சொந்தமாக வாங்கிவிட்டேன். அம்மா அதையும் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறார்.