அன்னையின் குரல்

எங்கள் இல்லத்தில் மாலை ஜெபத்தின்போது பாட்டை எடுத்துக் கொடுப்பவர் என் அன்னையார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்முறை மாறியதில்லை. சென்ற ஆண்டு கோடையில் மாறிற்று.

அவருக்கு இளமையிலேயே கழுத்துக் கழலை ஒன்று அறுத்து நீக்கப்பட்டிருந்தது. பல்லாண்டுகளுக்குப் பின், எஞ்சிய தைராய்டுச் சுரப்பி மீண்டும் வளர்ந்து, மார்பெலும்பின் பின்னே இறங்கி, மூச்சை நெருக்கலாயிற்று. மறுமுறையும் இரண சிகிச்சை வேண்டும் என்றனர் மருத்துவர். அதற்கு முந்தின இரவு அன்னையார் என்னை நோக்கி, "ஐயா, இதற்குப் பிறகு நான் பாடுவேனா?" என்று வினவினார். "ஐயமென்ன அம்மா? பாடுவீர்கள்" என்றேன். அவரைத் தேற்றும் பொருட்டுக் கூறினேனேயன்றி, அறிந்து கூறினேனல்லேன்.

சிகிச்சைக்குப் பின் அவர் குரல் வெறுங்காற்றாய் வந்தது; நீர் பருகினும் புரையேறிற்று. இடப்புறக் குரல்நாண் அசையவில்லை என்று மருத்துவர் கருவியால் நோக்கிச் சொன்னார்.

உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று எழுத்தாய்ப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியப் பிறப்பியலில் பாடங்கேட்டவன் நான். ஆயினும் மிடற்றின் நாண்களை இயக்கும் நரம்பைப் பற்றி அதன் பின்னரே படித்தறிந்தேன். அது நேரே குரல்வளைக்குச் செல்வதன்று. மார்பு நோக்கி இறங்கி, இடப்புறம் இதயத்தினின்று எழும் பெருந்தமனியையும், வலப்புறம் கைக்குச் செல்லும் தமனியையும் சுற்றி, மீண்டும் மேலேறித் தைராய்டின் பின்புறத்தை ஒட்டிக் குரல்வளை புகுகின்றது. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் காலென், பன்றியின் இந்நரம்பு தடைப்பட்டவுடன் அதன் கூக்குரல் அடங்குவதைப் பலர் முன் காட்டினார்.

இந்நரம்புக்கு நேரும் இடர் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. முன்னர் அறுத்த கழுத்தில் வடுத்தசை நரம்பைப் பற்றிக்கொள்ளும். பெருங்கழலை அதனை இடம்பெயர்க்கும். மார்புக்குள் இறங்கிய கழலையோ கையாளுதற்கு அரிது. புற்றுநோய் நரம்பையே சூழ்வதும் உண்டு. சிலர்க்கு வலப்புற நரம்பு சுற்றி வராமல் நேரே செல்லுமாதலின், அறியாக் கத்திக்கு எளிதில் இரையாகும். சுரப்பி முழுவதையும் நீக்குங்கால் இருபுற நரம்பும் இடருக்குட்படும். இரு நாண்களும் அசைவற்றாலோ மூச்சே அடைபடும். மருத்துவரின் பழக்கமும் இதிற் பெரிது. நரம்பைத் தேடிக் கண்டு காத்தலே நலம் என்று பாஸ்டன் நகரத்து லேஹி என்பார் 1938இல் எழுதினார். இன்று அதுவே பெருவழக்கு.

மேற்கூறிய இடர்களுள் மூன்று என் அன்னையாரிடம் இருந்தன. நான் ஒன்றையும் கேட்டறியவில்லை.

நரம்பு அறுபடாது இழுபட்டு மட்டும் ஓய்ந்திருந்தால், சில திங்களில் மீள்வதுண்டு. ஐந்தாம் திங்களில் அன்னையாரின் குரல் திரும்பிற்று. உச்சத்தில் மட்டும் இன்னும் உடைகின்றது. ஒருநாள் என் பிழையை அவரிடம் சொன்னேன். "அறிந்திருந்தாலும் போயிருப்பேன், ஐயா; மூச்சு வேண்டுமே. ஆனால் அன்றிரவு எனக்குப் பிரியமான பாட்டுகளையெல்லாம் ஒருமுறை பாடியிருப்பேன்" என்றார்.

இப்போது தம்பி பாட்டை எடுத்துக் கொடுக்க, அவர் தாழ்ந்த குரலில் உடன் பாடுகிறார். நண்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர்க்கு இச்சிகிச்சை நேருமாயின், குரலுக்கு வரக்கூடிய இடர் எத்துணையென்று முன்னரே மருத்துவரை வினவுங்கள். நோயாளி உங்களை வினவினால், அறியாததை அறியேன் என்றே சொல்லுங்கள்.